தளர்ந்த வில்லும் வஞ்சக வில்லும்



சங்கீதப் புத்தகத்தின் 78-ஆம் சங்கீதம் 72 வசனங்களில் ஒரு ஜனத்தின் வரலாற்றையே சொல்லிச் செல்கிறது. அதன் 57-ஆம் வசனத்தில், வழிவிலகிப்போன அந்த ஜனம் ஒரு வில்லுக்கு ஒப்பிடப்படுகிறது. ஓசியா தீர்க்கதரிசியும் தமது 7-ஆம் அதிகாரத்தின் கடைசி வசனத்தில் அதே உவமையைக் கையாளுகிறார். அம்பை எய்தவனின் நம்பிக்கையைப் பொய்யாக்கும் வில் அது. இரண்டு இடங்களிலும் அந்த வில்லுக்கு அடைமொழியாக வரும் எபிரெயச் சொல் ‘ரெமியா’ என்பதாகும். இறையியல் கல்லூரி நாட்களிலேயே என்னை நிறுத்தி யோசிக்கவைத்த சொற்களில் இதுவும் ஒன்று. அகராதிகள் இதற்கு இரு பொருள் தருகின்றன: ஒன்று வஞ்சகம், மற்றொன்று தளர்ச்சி. நீதிமொழிகள் 10:4-இலும் 12:24-இலும் இதே சொல் தளர்ந்த கையை, சோர்ந்து செயலற்றிருக்கும் கையைக் குறிக்கிறது. வில்லைப் பற்றிய இடங்களில் நம் தமிழ் வேதாகமம் முதற்பொருளைத் தழுவிக்கொண்டது. அறிஞர் சிலர் இரண்டாம் பொருளையும் அங்கே காண்கின்றனர்.

வில்லாளியின் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும். அம்பு இலக்கை அடையவில்லை. அவ்வளவுதான் அவனுக்குத் தெரியும். வில் வளைந்து முறுகி அவனை ஏமாற்றியதா, அல்லது நாண் தொய்ந்து வலுவிழந்ததா என்பதை நின்ற இடத்திலிருந்து சொல்ல இயலாது. வில்லைக் கையிலெடுத்துச் சோதித்தால்தான் தெரியும். இந்த வேறுபாட்டை இவ்வாரம் உங்களோடு தியானிக்க விரும்புகிறேன். அதை எனக்குத் தெளிவாக விளக்கிய இடம் ஒரு துப்பாக்கி பழுதுபார்க்கும் பட்டறை என்றால் நீங்கள் வியப்படையலாம்.

நம் டெல்டா மாவட்டங்களில் திருவிழாவுக்குத் திருவிழா சென்று கடை போடும் குடும்பங்கள் பல உண்டு. ஒரு பலகையில் வரிசையாகப் பலூன்களைக் கட்டிவைத்து, காற்றுத் துப்பாக்கியால் சுடச் சொல்லும் கடையை நீங்கள் யாவரும் பார்த்திருப்பீர்கள். ஊரார் அத்துப்பாக்கியை ‘ஏர்கன்’ என்பர். அத்தகைய கடை வைத்துப் பிழைக்கும் சகோதரர் ஒருவர் நம் சபையோடு தொடர்புடையவர். அவருடைய அனுமதியோடு, பெயர் கூறாமல், இதை எழுதுகிறேன்.

வேளாங்கண்ணித் திருவிழா ஆகஸ்ட் 29 அன்று கொடியேற்றத்துடன் தொடங்கி செப்டம்பர் 8 அன்று நிறைவுறுவதை அறிவீர்கள். காவி உடையணிந்து நடந்து செல்லும் யாத்திரிகர்களால் தஞ்சாவூர்ச் சாலைகள் நிரம்பும் காலம் அது. அந்தப் பதினோரு நாட்களில் கிடைப்பதைக்கொண்டே அவர் குடும்பம் மழைக்காலத்தைக் கடக்கும். அதற்கு ஏறக்குறைய இரண்டு வாரங்களுக்கு முன் ஒரு மாலையில் அவர் என்னிடம் வந்தார்.

“ஐயா, ஒரு ஜெபம் பண்ணணும். தண்டலுக்குக் கடன் வாங்கப் போறேன். ரெண்டு துப்பாக்கியும் போச்சு. குண்டு பலூன்ல பட்டும் வெடிக்க மாட்டேங்குது. போன திருவிழாவுல ஆளுங்க கூடிட்டாங்க. ஏமாத்துறேன்னு சட்டையப் புடிச்சிட்டாங்க ஐயா.”

தண்டல் கடன் என்பது என்னவென்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கொடுக்கும்போதே ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டு, நாள்தோறும் வாசலுக்கு வந்து வசூலிப்பார்கள். அவருக்காக ஜெபித்தேன். பின்பு, “தம்பி, கடன் வாங்குவதற்கு முன் இதைத் திறந்து பார்க்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டுவோம்” என்றேன். கீழவாசல் பக்கம் சைக்கிள் பம்பு, தையல் இயந்திரம், பூட்டு ஆகியவற்றைப் பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். மறுநாள் காலையில் இருவரும் அவரிடம் சென்றோம்.

பெரியவர் துப்பாக்கியைத் தொடுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டார்: “தம்பி, இதால எதைச் சுடுறே?”

“பலூன் அண்ணே, வேற ஒண்ணும் இல்லை.”

“கொக்கு, நாரைன்னா நான் கை வைக்க மாட்டேன்.”

அவர் அப்படிக் கேட்பதற்குக் காரணம் உண்டு. மன்னார்குடிச் சாலையில் வடுவூர் ஏரியும், முத்துப்பேட்டை வழியில் உதயமார்த்தாண்டபுரமும் பறவைச் சரணாலயங்கள். 2022-இல் இவ்விரண்டும் ராம்சர் ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டன. வயலில் இறங்கும் பறவைகளைச் சுடுவதற்காகத் துப்பாக்கியைச் சீர்செய்ய வருவோரும் அவரிடம் வருவதுண்டாம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது என்று சொல்லி அவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவாராம். எதைச் சீராக்குகிறோம் என்பதோடு எதற்காகச் சீராக்குகிறோம் என்பதையும் கேட்கும் தொழிலாளியைக் கண்டு என் உள்ளம் மகிழ்ந்தது.

அடுத்ததாக, குழலில் குண்டு ஏதும் இல்லை என்பதை உறுதிசெய்தார். பிறகுதான் சோதனை தொடங்கியது. அதைப் புரிந்துகொள்ள அந்தப் பொறி இயங்கும் விதத்தைச் சற்று அறிய வேண்டும்.

காற்றுத் துப்பாக்கிக்குள் காற்று எங்கோ அடைத்து வைக்கப்பட்டிருப்பதாகப் பலர் எண்ணுகின்றனர். இக்காலத்து ஒலிம்பிக் 10 மீட்டர் போட்டிகளில் பயன்படும் துப்பாக்கிகள் அத்தகையவையே. முன்கூட்டியே அழுத்திய காற்று அவற்றின் உருளையில் இருக்கும். திருவிழாக் கடைத் துப்பாக்கி வேறு வகை. அதன் குழலை நடுவில் மடக்கும்போது ஒரு நெம்புகோல் உள்ளேயிருக்கும் பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளுகிறது. பிஸ்டனோடு கூட ஒரு ஸ்பிரிங் ஒடுங்குகிறது. முடிவில் ஒரு சிறு கொக்கி பிஸ்டனைப் பிடித்துக்கொள்கிறது. விசையை இழுத்தவுடன் கொக்கி விலக, ஸ்பிரிங் விரிந்து பிஸ்டனை முன்னே எறிகிறது. அதன் முன்னிருக்கும் காற்று அக்கணத்தில்தான் நசுங்கி, ஒரு நுண்துளை வழியே குழலுக்குள் பாய்ந்து ஈயக் குண்டைத் தள்ளுகிறது. சுடும் கணம் வரை அங்கே இருப்பது நாம் சுவாசிக்கும் சாதாரணக் காற்றுதான். ஆற்றல் முழுவதும் அந்த ஸ்பிரிங்கில் இருக்கிறது.

ஸ்பிரிங்குக்குத் தமிழில் சுருள்வில் என்று பெயர். எவ்வளவு பொருத்தமான சொல்! வளைத்தால் மீண்டும் நிமிர விழைவதே வில்லின் இயல்பு. அதைச் சுருளாகச் சுற்றி ஓர் உருளைக்குள் வைத்துவிட்டால் சுருள்வில். ஆகவே சங்கீதக்காரன் பேசிய அதே பொருளைத்தான் அன்று அந்த மேசைமேல் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இரண்டு துப்பாக்கிகளுக்கும் குறை ஒன்றே: குண்டு வலுவின்றி விழுகிறது. ஆனால் பெரியவர் இரண்டையும் தனித்தனியே சோதித்தார். முதல் துப்பாக்கியின் குழலை மெதுவாக மடக்கினார். பாதித் தூரம் எளிதாக வந்தது. பின்பு ஒரு சிறு துள்ளல். உள்ளே கரகரவென்று இரும்போடு இரும்பு உரசும் ஓசை. “ஸ்பிரிங் உடைஞ்சிருக்கு” என்றார்.

“உடைஞ்சா எப்படிண்ணே சுடும்? இதுவரைக்கும் சுட்டுக்கிட்டுதானே இருக்கு?” என்றார் நம் சகோதரர்.

பெரியவர் விடை கூறாமல் அதைக் கழற்ற ஆரம்பித்தார். மரக்கட்டையைப் பிணைத்திருந்த திருகாணிகளை அகற்றி, இரும்புப் பகுதியை வெளியே எடுத்தார். இவ்விடத்தில் அவர் காட்டிய எச்சரிக்கை குறிப்பிடத்தக்கது. குழல் மடக்கப்படாத நிலையிலும் சுருள்வில் உள்ளே ஓரளவு ஒடுங்கியே இருக்கும். பின்மூடியைப் பிடித்திருக்கும் பின்னைச் சும்மா தட்டிவிட்டால் அந்த மூடியும் ஸ்பிரிங்கும் பாய்ந்து வந்து முகத்தைக் கிழிக்கும். ஆகவே நீண்ட கிளாம்ப் ஒன்றால் பின்மூடியை முன்னோக்கி அழுத்திப் பிடித்தபின்பே பின்னைத் தட்டினார். பிறகு கிளாம்பைச் சிறிது சிறிதாகத் தளர்த்தினார். அந்த ஐந்து நிமிடமும் அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

வெளியே வந்த சுருள்வில் நடுவில் முறிந்து இரு துண்டுகளாக இருந்தது. ஒரு துண்டின் முனை மற்றதின் சுற்றுக்குள் திருகாணியைப்போல் ஏறிச் சிக்கிக்கொண்டிருந்தது. முறிந்தும் வேலை செய்துகொண்டிருந்ததன் மர்மம் அதுதான். ஒன்றுக்குள் ஒன்று புகுந்ததால் நீளம் குறைந்தது. நீளம் குறைந்ததால் விசை குறைந்தது. ஆயினும் ஒவ்வொரு முறையும் ஒடுங்கியது, விரிந்தது, பிஸ்டனைத் தள்ளியது. வெளியிலிருந்து பார்த்தவனுக்கு அது முறிந்தது என்று எப்படித் தெரியும்?

முறிந்த முகத்தை அவர் வெளிச்சத்தில் காட்டினார். கம்பியின் ஓரத்தில் ஒரு சிறு கீறல். அங்கிருந்து தொடங்கி உள்ளே பரவிய வழவழப்பான பகுதி. எஞ்சியது சொரசொரப்பாக, கடைசியில் ஒரே அடியாக முறிந்த பகுதி. ஒருநாள் பாரத்தில் நேர்ந்த முறிவு அன்று அது. பல்லாயிரம் முறை ஒடுங்கி விரிந்ததில் சிறிது சிறிதாக வளர்ந்த விரிசல். 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியப் பொறியாளர் ஆகஸ்ட் வோலர் ரயில் அச்சுகள் முறிவதை ஆராய்ந்து இதை நிறுவினார். ஓர் இரும்பு ஒருமுறை எளிதாகத் தாங்கும் பாரமே, திரும்பத் திரும்ப வந்தால் அதை முறித்துவிடும். பொறியியலார் இதற்கு வைத்திருக்கும் பெயர் உலோக அயர்ச்சி. இரும்பும் அயர்ந்துபோகும் என்பதை அவர்கள் வெட்கமின்றி ஒப்புக்கொள்கின்றனர்.

இரண்டாம் துப்பாக்கிக்கு வருவோம். குழலை மடக்கியபோது எதிர்ப்புச் சீராக, உறுதியாக இருந்தது. கொக்கி சுத்தமாகப் பிடித்தது. “இதுல ஸ்பிரிங் நல்லாயிருக்கு. காத்து எங்கேயோ போகுது” என்றார் பெரியவர். குழல் மடியும் மூட்டின்மேல் மெல்லிய காகிதத் துணுக்கு ஒன்றை வைத்தார். குண்டு ஒன்றை இட்டு, சுவரோரம் அடுக்கியிருந்த மணல் மூட்டையில் சுட்டார். காகிதம் அசையவில்லை. ஆகவே மூட்டிலுள்ள வாசர் நலமாக இருக்கிறது. எஞ்சியது பிஸ்டனின் முகப்பிலிருக்கும் தோல் வாசர். முன்போலவே கிளாம்ப் வைத்துக் கழற்றிப் பார்த்தால், அந்தத் தோல் காய்ந்து, சுருங்கி, ஓரங்கள் வெடித்துக் கிடந்தது. சுருள்வில்லை அளந்தார், ஒரு கண்ணாடிமேல் உருட்டிப் பார்த்தார், வளைவின்றி நேராக உருண்டது. அதில் குறையே இல்லை.

நம் வீட்டு அடிபம்பில் தோல் வாசர் காய்ந்துவிட்டால் எத்தனை முறை அடித்தாலும் தண்ணீர் ஏறாது. அடிப்பவனின் கையில் வலு இல்லாமலா? நிலத்தடியில் நீர் இல்லாமலா? இடையிலுள்ள தோல் விளிம்பு உருளையோடு ஒட்டாமையே காரணம். மேட்டூரில் திறந்த நீர் கடைமடைக்கு வராதபோது அணையைப் பழிப்பதில் பயனில்லை என்பதை நம் விவசாயிகள் அறிவர். வாய்க்காலில் எங்கே கசிகிறது என்று கரையோடு நடந்து பார்க்க வேண்டும். இத்துப்பாக்கியிலும் அப்படியே. ஸ்பிரிங்கின் விசை முழுவதும் பிஸ்டனுக்கு வந்தது. காற்று வாசரின் ஓரத்தில் பின்னால் நழுவிவிட்டது. குண்டுக்குச் சேர வேண்டிய பங்கு சேரவில்லை.

உருளைக்குள் கரி படிந்திருந்ததைக் கண்டு பெரியவர், “எண்ணெய் ஊத்தினியா?” என்று கேட்டார். சகோதரர் தலையசைத்தார். வலுக் குறைந்தபோதெல்லாம் குழல் வழியே எண்ணெய் விட்டாராம். அன்று மட்டும் துப்பாக்கி பலத்த ஓசையோடு சுடுமாம், புகையும் வருமாம், சரியாகிவிட்டது என்று மகிழ்வாராம். உண்மையில் நடந்தது வேறு. காற்று திடீரென நசுங்கும்போது கடுமையாகச் சூடேறும். அந்தச் சூட்டில் பிஸ்டனுக்கு முன்னிருந்த எண்ணெய் தீப்பற்றி வெடித்தது. வயலில் ஓடும் டீசல் என்ஜின் இயங்குவது இதே தத்துவத்தில்தான். ஆனால் டீசல் என்ஜின் அதற்கென்று கட்டப்பட்டது; இந்த மெல்லிய பொறி அப்படியன்று. ஒவ்வொரு வெடிப்பும் தோலைக் கருக்கியது. சுருள்வில்லுக்கும் அதிர்ச்சி கொடுத்தது. தோல் வாசருக்கு எண்ணெய் தேவைதான். ஆனால் அது தோலுக்குள் ஊறியிருக்க வேண்டும்; உருளையில் தேங்கி நிற்கக் கூடாது.

பெரியவர் புதிய தோலை வட்டமாக வெட்டி, வெந்நீரில் ஊறவைத்து, அச்சில் அழுத்திக் கிண்ணம்போல் வடித்தார். அது காய இரண்டு நாளாயிற்று. பின்பு எண்ணெயில் ஊறவைத்து, மேலே நின்றதைத் துடைத்துவிட்டுப் பொருத்தினார். முறிந்த சுருள்வில்லின் கம்பித் தடிமனையும் வெளிவிட்டத்தையும் சுற்றுகளின் எண்ணிக்கையையும் குறித்துக்கொண்டு, அதற்கு ஒத்த புதியதொன்றை வரவழைத்தார்.

அப்போது சகோதரர் கேட்டார்: “அண்ணே, இன்னும் கொஞ்சம் முறுக்கா ஒரு ஸ்பிரிங் போட்டுட்டா என்ன? இனிமே யாரும் குத்தம் சொல்ல மாட்டாங்கள்ல?”

“வேணாம் தம்பி. பத்தடி தள்ளியிருக்கிற பலூனுக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவு போதும். முறுக்கா போட்டா பிஸ்டன் முன்னால போய் மோதும். ஒரு வருஷத்துல மொத்தமும் ஆடிப்போயிரும்.”

அதற்குச் சட்டக் காரணமும் உண்டு. ஆயுத விதிகள் 2016-இன்படி 20 ஜூலுக்கு மேற்பட்ட ஆற்றலோ, 4.5 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட குழல் விட்டமோ உள்ள காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் பெற வேண்டும். வேடிக்கைப் பொருளாக வைத்திருப்பதை அறியாமலே வேறொன்றாக மாற்றிவிடக் கூடாது.

வேலை முடிந்ததும் பெரியவர் மூன்று அறிவுரைகள் கூறினார். முதலாவது, குழல் மடங்கியிருக்கும்போது விசையில் விரல் வைக்கக் கூடாது. குழல் சட்டென்று நிமிர்ந்து விரலை நசுக்கிவிடும். இரண்டாவது, குண்டில்லாமல் வெறுமனே சுடக் கூடாது. குண்டு குழலை அடைத்துக்கொண்டிருப்பதால்தான் பிஸ்டனுக்கு முன் காற்று ஒரு மெத்தைபோல் நின்று அதன் வேகத்தைத் தாங்குகிறது. தாங்க எதுவுமில்லாமல் ஓடும் பிஸ்டன் இரும்பில் போய் இடிக்கும். கடையோரம் நிற்கும் பிள்ளைகள் விளையாட்டாகச் சுட்டுச் சுட்டே அந்தச் சுருள்வில்லில் பாதி முறிவு நேர்ந்திருக்கும் என்றார். மூன்றாவது, துப்பாக்கியை எப்போதும் ஏற்றிய நிலையில் வைக்கக் கூடாது. சகோதரர், வாடிக்கையாளர் வந்தவுடன் கொடுப்பதற்கென்று, காலை முதல் இரவு வரை இரண்டையும் ஏற்றியே வைத்திருப்பாராம். ஒடுங்கிய நிலையிலேயே கிடக்கும் வில் நிமிரும் இயல்பைச் சிறிது சிறிதாக இழந்துவிடும்.

இதைக் கேட்டபோது பழைய கதையொன்று என் நினைவுக்கு வந்தது. ஐந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த யோவான் காசியன் என்னும் துறவி தமது நூலில் அதைப் பதிவு செய்திருக்கிறார். முதிர்வயதான அப்போஸ்தலன் யோவான் ஒரு கவுதாரியைக் கையில் வைத்து மெல்ல வருடிக்கொண்டிருந்தாராம். அவ்வழியே வந்த வேடன் ஒருவன், இவ்வளவு பெரியவர் இப்படிப் பொழுதுபோக்கலாமா என்று வியந்து கேட்டான். அவன் கையிலிருந்த வில் ஏன் நாணேற்றாமல் இருக்கிறது என்று அவர் திருப்பிக் கேட்டார். எப்போதும் நாணேற்றியே வைத்தால் வில் தன் விறைப்பை இழந்துவிடும், வேண்டிய வேளையில் அம்பு பாயாது என்றான் வேடன். மனமும் அவ்வாறே என்று அவர் விளக்கினாராம். இக்கதை வேதாகமத்தில் இல்லை. ஆயினும் ஓய்வுநாளைக் கட்டளையாகவே கொடுத்த தேவனின் மனதை இது ஒத்திருக்கிறது.

பிரியமானவர்களே, பட்டறையில் தோல் காய்வதற்காகக் காத்திருந்த நாட்களில் நம் சகோதரர் என்னோடு மனம்விட்டுப் பேசினார். மூன்று மாதங்களாக அவர் ஞாயிறு ஆராதனைக்கு வரவில்லை. சந்தா கொடுக்க மனமில்லாமல் ஒளிந்துகொள்கிறார் என்று சிலர் பேசியது அவர் காதுக்கும் எட்டியிருந்தது. நடந்தது இதுதான்: கடையில் வருமானம் விழுந்ததால் ஓர் அரிசி ஆலையில் இரவுநேர மூட்டை தூக்கும் வேலைக்குச் சென்றுகொண்டிருந்தார். சனி இரவு வேலை முடிந்து ஞாயிறு விடியலில் வீடு திரும்புவார். வந்து படுத்தால் எழ முடிவதில்லை. பகலில் கடைக்கான வேலை, இரவில் மூட்டை. ஏற்றியே வைக்கப்பட்ட துப்பாக்கியின் நிலை அவருடையது. திருவிழாவில் அவரை ஏமாற்றுக்காரர் என்றார்கள். சபையில் அவரை மாய்மாலக்காரர் என்றார்கள். இரண்டு இடத்திலும் இருந்தது தளர்ச்சி. இரண்டு இடத்திலும் கிடைத்த பெயர் வஞ்சகம்.

அந்த எபிரெயச் சொல்லின் இரு பொருளும் நமக்குத் தேவை. உண்மையான வஞ்சகம் உலகில் உண்டு. சங்கீதம் 78 பேசும் உடன்படிக்கைத் துரோகத்தை வெறும் சோர்வு என்று நான் மெழுகிவிட மாட்டேன். அதற்கு மனந்திரும்புதலே மருந்து. ஆனால் அயர்ந்துபோனவனிடம் மனந்திரும்பு என்று சொல்வது, தோல் வாசர் காய்ந்த துப்பாக்கிக்குப் புது ஸ்பிரிங் மாட்டுவதைப் போன்றது. வேலையும் வீண், குறையும் தீராது. வெளியே தெரியும் அடையாளம் ஒன்றாயிருக்க, உள்ளே பழுதான உறுப்பு வேறுவேறாக இருக்கும். தேர்வில் தோற்ற மகனைச் சோம்பேறி என்கிறோம். இரவில் அவன் உறங்குகிறானா என்று கேட்டோமா? எதற்கெடுத்தாலும் எரிந்துவிழும் மனைவியைக் குணங்கெட்டவள் என்கிறோம். படுத்திருக்கும் மாமியாரை எத்தனை ஆண்டுகளாக அவள் தனியே தூக்கிக் குளிப்பாட்டுகிறாள் என்று எண்ணினோமா? இரண்டாகப் முறிந்தும் ஒன்றுக்குள் ஒன்று சிக்கிக்கொண்டு இன்னமும் வேலை செய்துகொண்டிருப்பவர்கள் நம் வரிசைகளில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்கள் இயங்குவதாலேயே அவர்கள் முறிந்திருப்பது நமக்குத் தெரிவதில்லை.

ஒருவரைத் திறந்து பார்ப்பதற்கும் பெரியவரின் கிளாம்ப் நமக்கு வேண்டும். நெடுநாள் ஒடுங்கிய மனத்தை, கேள்விகளால் தட்டி ஒரே அடியாகத் திறக்க முயல்கிறவன் காயப்படுவான், காயப்படுத்துவான். பொறுமையாக, உறுதியாக, உடன் தாங்கிக்கொண்டு, சிறிது சிறிதாகத்தான் தளர்த்த வேண்டும். அவசரமாக ஊற்றும் எண்ணெயைப்போன்ற உற்சாக வார்த்தைகள் அன்றைக்குச் சத்தம் எழுப்பும், உள்ளே கருக்கிவிடும். உள்ளே ஊறும்வரை உடனிருக்கும் ஆறுதலே நிலைக்கும்.

நம் சகோதரர் தண்டல் கடன் வாங்கவில்லை. ஒரு ஸ்பிரிங்கும் ஒரு துண்டுத் தோலும் பெரியவரின் கூலியும் சேர்ந்த தொகை, அவர் வாங்கவிருந்த கடனின் சிறு பகுதியே. கொடியேற்றத்திற்கு முந்தின நாள் இரண்டு துப்பாக்கிகளோடும் வேளாங்கண்ணி சென்றார். அங்கிருந்து தொலைபேசியில், “ஐயா, பலூன் கட்டவே நேரம் பத்தலை” என்றார். இரவில் கடை மூடும்போது இரண்டையும் இறக்கித்தான் வைக்கிறாராம். ஆலை வேலையை விட்டுவிட்டார். செப்டம்பர் இரண்டாம் ஞாயிறன்று அவர் குடும்பத்தோடு ஆராதனைக்கு வந்திருந்ததை உங்களில் பலர் கண்டீர்கள்.

இவ்வாரம் ஒரு காரியம் செய்வோம். யாரைக் குறித்து ‘இவர் ஏமாற்றுகிறார்’ என்று மனதில் எழுதி வைத்திருக்கிறோமோ, அவர் வீட்டுக்கு ஒருமுறை சென்று வருவோம். எதையும் திருத்தப் போக வேண்டாம். அவர் எந்நேரம் எழுகிறார், எந்நேரம் உறங்குகிறார், யாருடைய பாரத்தைச் சுமக்கிறார் என்று மட்டும் அறிந்து வருவோம். அதன்பிறகும் அது வஞ்சகமே என்றால், அன்போடு கண்டிப்போம். தளர்ச்சி என்றால், அவருடைய மூட்டையில் ஒன்றை நாம் தூக்குவோம்.

எங்களை வனைந்த ஆண்டவரே, எங்களில் முறிந்தது எது, காய்ந்தது எது என்பதை நீர் அறிவீர். ஒருவரையொருவர் நியாயந்தீர்க்கும் முன் அருகே சென்று பார்க்கும் பொறுமையை எங்களுக்குத் தாரும். அயர்ந்தவர்களுக்கு இளைப்பாறுதலையும், வழிவிலகியவர்களுக்கு மனந்திரும்புதலையும் அருளும். ஆமென்.